கண்டிக்கோட்டைக்கு மெதுவாகப் போவது எப்படி?

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் அர்த்தம் ஒன்றுதான். ஷூட்டிங்கில் ஹீரோ ஏறி உட்கார்ந்துகொண்டு, 'ஷாட் ரெடி' என்று நாலு பேர் வந்து கூப்பிட்டால் மட்டும் இறங்குகிற ஏ.சி. வண்டி. அமெரிக்காவில் ஏறக்குறைய இதே சமாசாரத்துக்கு ஆர்.வி. என்று பெயர். அங்கே அதை ரிடையரான வாத்தியாரும் போஸ்ட்மேனும் ஓட்டுகிறார்கள். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் வண்டிக்குள்ளேயே. அரிசோனா, யூட்டா என்று பாலைவனமும் பள்ளத்தாக்குமாகக் கிடக்கும் பிரதேசத்தில் உருட்டிக்கொண்டே போகிறார்கள். பிடித்த இடத்தில் நிறுத்தி, மடக்கு நாற்காலி போட்டு, காபி குடித்துக்கொண்டு சூரியன் மறைவதைப் பார்க்கிறார்கள். மறுநாள் இன்னோர் இடத்தில் அதே நாற்காலி, அதே காபி, அதே சூரியன். மாதக்கணக்கில் இதுதான் வேலை.

(சொர்க்கத்திலும் செப்டிக் டாங்க் உண்டு. சில நாளுக்கு ஒருமுறை வண்டியின் பாத்ரூம் டாங்கை அதற்கென்று இருக்கும் இடத்தில் கொண்டுபோய்க் குழாய் மாட்டிக் காலி செய்தாக வேண்டும். போட்டோவில் இந்தக் கட்டம் மட்டும் வருவதில்லை.)

நம் ஆட்கள் கிராண்ட் கேன்யன் பார்க்கும் விதம் வேறு. பையன் அமெரிக்காவில் இருப்பான். அப்பா அம்மா ஊரிலிருந்து போயிருப்பார்கள். லாஸ் வேகஸிலிருந்து விடியற்காலை கிளம்பி, புளியோதரையைக் காரிலேயே முடித்து, விளிம்பில் நின்று பன்னிரண்டு போட்டோ. "என்னடா, எங்கே பார்த்தாலும் பள்ளமா இருக்கே!" என்று அம்மா ஒரு வரி விமர்சனம். ராத்திரிக்குள் ரிட்டர்ன். 446 கிலோமீட்டர் நீளம், அதிகபட்சம் 29 கிலோமீட்டர் அகலம், ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஆழம் உள்ள சங்கதியை இருபது நிமிஷத்தில் முடித்துவிட்ட பெருமை நம்மைச் சேரும்.

இதையெல்லாம் கொரட்டூரில் உட்கார்ந்துகொண்டு ஏன் சொல்கிறேன் என்றால், கொரட்டூரிலிருந்து ஒரு கேன்யனுக்கு ரோடு போகிறது. வளைந்து சுற்றி எல்லாம் இல்லை, நேராக.

பாடிப் பக்கம் வந்து சி.டி.எச். ரோட்டைப் பிடியுங்கள். அம்பத்தூர், ஆவடி என்று தினமும் ஹாரன் அடித்து நொந்துபோகிற அதே ரோடுதான். திருவள்ளூர், திருத்தணி, ரேணிகுண்டா, ராஜம்பேட்டை, கடப்பா வழியாக முத்தனூர் வரை போகும் 716ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஆரம்பம் அது. ரயிலும் அப்படியே. கொரட்டூர் ஸ்டேஷனில் யூனிட் டிரெயினுக்கு நிற்கும்போது தடதடவென்று நிற்காமல் போகிறதே மும்பை மெயில், அது கடப்பா வழியாகத்தான் போகிறது. முத்தனூரில் நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பி ஜம்மலமடுகு போய், அங்கிருந்து 15 கிலோமீட்டர். கண்டிக்கோட்டை! மொத்தம் 350 கிலோமீட்டர் சுமாருக்கு.

'கண்டி' என்றால் தெலுங்கில் மலையிடுக்கு. எர்ரமலைக் குன்றுகளைப் பென்னாறு அறுத்துக்கொண்டு போகும் இடுக்கு; அதன் உச்சியில் கோட்டை. இந்தப் பென்னாறு நம் தென்பெண்ணைக்குக் கூடப் பிறந்தவள். இரண்டு பேருக்கும் பிறந்த வீடு கர்நாடகத்து நந்திமலைப் பக்கம். ஒருத்தி கடலூருக்கு வாழ்க்கைப்பட்டாள், ஒருத்தி நெல்லூருக்கு.

சென்னையிலிருந்து கண்டிக்கோட்டைக்கு டூர் போவது நேற்று இன்ஸ்டாகிராமில் பிறந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1652லேயே ஒருத்தர் போயிருக்கிறார். ழான் பாப்டிஸ்ட் தவெர்னியே என்ற பிரெஞ்சு நகை வியாபாரி. பின்னாளில் ஹோப் வைரம் என்று பெயர் வாங்கிய நீலக் கல்லைப் பதினாலாம் லூயி ராஜாவுக்கு விற்ற ஆசாமி. கோல்கொண்டா சுல்தானின் மந்திரியும் தளபதியுமான மீர் ஜும்லா கண்டிக்கோட்டையைப் பிடித்து அங்கேயே தங்கியிருந்த சமயம். அவரிடம் முத்துக்களைக் காட்ட சென்னைக் கோட்டையிலிருந்து கிளம்பினார் தவெர்னியே. வழியில் ஒண்டிமிட்டா கோயிலைப் பார்த்து அசந்துபோய் எழுதி வைத்திருக்கிறார். அதாவது, ஏறக்குறைய நம் ரூட்!

இந்தியாவில் அவர் பயணம் செய்த வண்டி, இரட்டை மாடு பூட்டியது. ஜோடி மாட்டுக்கு ஏறக்குறைய 600 ரூபாய் கொடுத்தாராம். 1650களில்! கோதுமை மாவில் வெண்ணெயும் வெல்லமும் பிசைந்து உருண்டை பிடித்து மாட்டுக்குப் போட வேண்டும் என்று குறித்திருக்கிறார். பெட்ரோல் விலையைப் பற்றி யாராவது பேசினால் இந்த உருண்டையை ஞாபகப்படுத்துங்கள்.

எங்கள் ஆர்.வி. ஒரு பழைய மாருதி ஆம்னி. பின் சீட்டை மடித்து, இலவம்பஞ்சு மெத்தை, ஜமுக்காளம், இரண்டு தலையணை. ஆள் மூன்று, தலையணை இரண்டு என்பதால் தினமும் ராத்திரி சின்னப் பேச்சுவார்த்தை. (சீட்டைப் பிடுங்கிவிட்டு வெல்டிங் வைத்துக் கட்டில் கட்ட ஆசைப்படாதீர்கள். வண்டியின் அமைப்பை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். மெத்தைக்கு வேண்டாம்.) ஒரு சின்ன காஸ் அடுப்பு. வண்டிக்குள் பற்ற வைக்கக் கூடாது, பெட்ரோல் பங்க் பக்கம் அதை நினைக்கவே கூடாது. இட்லிப் பொடி, எண்ணெய், ஊறுகாய், இருபது லிட்டர் தண்ணீர் கேன். ஆயிற்று.

முதல் ராத்திரி ராஜம்பேட்டை தாண்டி, லாரிகள் நிற்கும் இடத்தில் கேட்டுக்கொண்டு ஓரமாக நிறுத்தினோம். பக்கத்து லாரி நாமக்கல். டிரைவர் லாரி நிழலில் உட்கார்ந்து தக்காளி ரசம் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஏற்பாடுகளை எல்லாம் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, இதுக்குப் பேரு டூரா? இதைத்தான் நாங்க இருபது வருஷமா பொழப்பாப் பண்ணிட்டிருக்கோம்" என்றார்.

உண்மைதான். வண்டியிலேயே படுக்கை, வண்டியோரம் சமையல், இந்தியா முழுக்கப் பயணம். கேரளா 2021ல் 'கேரவன் சுற்றுலா' என்று திட்டம் போட்டதற்குப் பல வருஷம் முன்பே, நாமக்கல்காரர்கள் ஆர்.வி.வாசிகள். ரசம் கொஞ்சம் எங்களுக்கும் கிடைத்தது. தவெர்னியேவுக்குக்கூடக் கிடைத்திருக்காது.

மறுநாள் ஒண்டிமிட்டாவில் ராமர் தரிசனம், கடப்பாவில் காரம் தோசை. (பெயரில் எச்சரிக்கை இருக்கிறது. படித்துவிட்டும் சாப்பிடுகிறோம்.) எர்ரகுண்ட்லாவை நெருங்கும்போது எதிரே கறுப்புப் பலகைக் கற்களை நிமிர்த்தி அடுக்கிய லாரிகள். எங்கேயோ பார்த்த முகம்! நம் வீட்டு கிச்சன் அலமாரி. மெட்ராஸில் எந்த ஃபிளாட்டில், எந்த லாஃப்ட்டுக்குக் கீழே பார்த்தாலும் இருக்கிற கடப்பா கல். எர்ரகுண்ட்லா, ஜம்மலமடுகு வட்டாரத்துக் குவாரிகள்தான் அதற்குச் சொந்த ஊர்.

சாயங்காலம் கண்டிக்கோட்டை. ஜும்மா மசூதி, தானியக் கிடங்கு, கோபுரம் மட்டும் கம்பீரமாக நிற்கும் மாதவராயர் கோயில். எல்லாம் தாண்டி, பாறை மேல் பாறையாக ஏறி இறங்கிப் போனால் சட்டென்று பூமி முடிந்துவிடுகிறது. கீழே ஆறு. இந்தப் பக்கமும் எதிர்ப்பக்கமும் செங்குத்தாகச் சிவப்புப் பாறை, வரி வரியாக. ரிக்கார்டு ரூமில் பழைய லெட்ஜர்களைத் தரையிலிருந்து கூரை வரை அடுக்கியது மாதிரி. பல இடங்களில் கம்பி வேலி கிடையாது. செல்ஃபி எடுக்கும்போது பின்னால் நடக்காதீர்கள்.

கிராண்ட் கேன்யனோடு ஒப்பிட்டால் இது சின்னத் தம்பிதான், அளவில். வயதில் அப்படி இல்லை. அங்கே விளிம்பில் நீங்கள் கால் வைக்கும் மேல்தட்டுப் பாறைக்கு வயது 27 கோடி ஆண்டு. இங்கே விளிம்பிலேயே நூறு கோடிக்கு மேல். அமெரிக்காவில் அவ்வளவு பழைய பாறையைத் தொட வேண்டுமானால் பள்ளத்தின் அடிவாரம் வரை இறங்க வேண்டும். இங்கே உட்கார்ந்து இட்லி சாப்பிடலாம். சாப்பிட்டோம்.

பெரும்பாலானவர்கள் சனிக்கிழமை ராத்திரி சென்னையில் கிளம்பி, விடிகாலை வந்து, சூரிய உதயம் ஒன்று, டிரோன் ஷாட் ஒன்று, பத்து மணிக்குக் காரைத் திருப்புகிறார்கள். நாங்கள் மூன்றாம் நாள் முழுக்க அங்கேயே இருந்தோம். வேலை ஒன்றும் இல்லை. காலையில் மஞ்சளாக இருந்த பாறை மத்தியானம் வெளுத்து, சாயங்காலம் செங்கல் நிறமாகி, கடைசியில் ஊதா ஆவதைப் பார்த்தோம். அன்றைக்கு அதுதான் டிபார்ட்மெண்ட் ஒர்க்.

மூன்றாவது டீ குடிக்கும்போதுதான் டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் வாய் திறந்தார். முதல் டீக்கு நாம் டூரிஸ்ட். மூன்றாவது டீக்கு மனிதர். கொஞ்சம் தெலுங்கு, கொஞ்சம் தமிழ். கொண்டாபுரம் பக்கம் என்றார்.

"ஊர் இங்கேர்ந்து எவ்வளவு தூரம் பெரியவரே?"

ஆறு வருகிற திசையில் கையைக் காட்டினார். பிறகு கையைக் கவிழ்த்துக் கீழே காட்டினார். "நீள்ளலோ" என்றார். தண்ணிக்குள்ளே.

கோட்டைக்கு மேல்புறம் பென்னாற்றில் கண்டிக்கோட்டை அணை இருக்கிறது. கிருஷ்ணா தண்ணீரை ராயலசீமாவின் வறண்ட காடுகளுக்குக் கொண்டுவரும் காலேரு - நகரி திட்டத்தில் கட்டியது. கொள்ளளவு 26.85 டி.எம்.சி. நம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலையும் கூட்டினாலும் 11 டி.எம்.சி. சொச்சம்தான். 2020ல் நீர்மட்டத்தை உயர்த்தியபோது, கொண்டாபுரம் மண்டலத்துத் தாள்ள புரொத்துட்டூர் போன்ற ஊர்களில் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. அந்தத் தண்ணீரால் எங்கேயோ பயிர் விளைகிறது, குடம் நிறைகிறது. அதுவும் நிஜம். பெரியவருக்கு இருந்த வாசல் திண்ணை இப்போது இல்லை. இதுவும் நிஜம். அவர் அழவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. "தண்ணி எறங்கினா கோயில் தெரியுமான்னு போய்ப் பார்ப்பேன்" என்றார். அவ்வளவுதான். டீக்குக் காசு கொடுக்க எங்களை விடவில்லை.

விடிகாலை வந்து பத்து மணிக்குத் திரும்பியிருந்தால் நூறு கோடி வருஷத்துப் பாறை போட்டோவில் வந்திருக்கும். இந்தப் பெரியவர் வந்திருக்க மாட்டார்.

நாலாம் நாள் பேலம் குகை. கடப்பா கல்லின் சொந்தக்காரச் சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் கரைத்துக் கரைத்துக் குடைந்த குகை, மூன்று கிலோமீட்டருக்கு மேல். ஐந்தாம் நாள் கொரட்டூர். சனி ஞாயிறு போக, செலவான லீவு மூன்று நாள்.

இங்கே ஒரு பி.காம்.காரனின் கணக்கு. கூட வந்த நண்பனின் ஆபீசில் மிச்சமான லீவு மார்ச் 31ஆம் தேதி காலாவதியாகும். போன வருஷம் அவன் அப்படித் தொலைத்தது 11 நாள். "எங்கேயும் போகலையாடா?" என்றால், "ரிடையரானதும் நிதானமா எல்லா இடமும் போகணும்" என்பான். அமெரிக்காக்காரர்களைப் பார்த்து நாம் எடுத்துக்கொண்டது இந்த ஒரு ஐட்டத்தைத்தான். அவர்கள் ஊரில் விளிம்பு வரை கார் போகிறது, கைப்பிடிச் சுவர் இருக்கிறது. கண்டிக்கோட்டையில் பாறைக்குப் பாறை தாவ வேண்டும். காருக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் என்று வருமான வரி விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள். முழங்காலுக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. அதற்காக அது தேயாமல் இருக்கிறதா என்ன? ஊர்களும் நமக்காகக் காத்திருப்பதில்லை. பெரியவரைக் கேளுங்கள்.

வண்டி இல்லையே என்று கவலை வேண்டாம். முத்தனூர் வரை ரயில், பிறகு ஆட்டோ. கோட்டைப் பக்கம் ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதி இருக்கிறது. அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விடுங்கள். மே மாதம் போனால் பாறைக்கும் உங்களுக்கும் நிறத்தில் வித்தியாசம் இருக்காது.

கடைசியாக ஒரு மரியாதைப் பிரச்னை. அந்த ஊர்க் கல் உங்கள் வீட்டுக்கு வந்து அலமாரியில் உட்கார்ந்து எத்தனை வருஷமாயிற்று! கண்டிக்கோட்டையைத் தாண்டி ஓடும் அந்தப் பென்னாறு சோமசிலா அணைக்குப் போகிறது. சோமசிலாவிலிருந்து கண்டலேறு வழியாகத்தான் தெலுங்கு கங்கைத் தண்ணீர் நம் பூண்டிக்கு வருகிறது. ஆக, கல்லும் வந்துவிட்டது, தண்ணீரும் வந்துவிட்டது. பதிலுக்கு ஒருமுறை நாம் போய்விட்டு வருவதுதானே முறை?

லீவ் லெட்டரில் காரணம் கேட்டால் 'சொந்தக்காரர் வீடு' என்று எழுதுங்கள். பொய் இல்லை.