பளபளப்பு தரமாகாது

போடிநாயக்கனூர் ஏல மையத்தில் விலை கேட்பது கணினிவழியே என்றாலும், வியாபாரி ஏலக்காய் மாதிரியைக் கையில் வாங்கி, நிறமும் பருமனும் பார்க்கிறார். இணைய ஏலத்தில் பழைய நாணயம் வாங்குவோருக்கோ புகைப்படம் மட்டுமே. அதன் பளபளப்பில்தான் பலரும் ஏமாறுகின்றனர். குத்துவிளக்கு துலக்கும் புளியை வெள்ளி நாணயத்திலும் தேய்ப்பவர்கள் உண்டு. சேகரிப்பாளரிடம் அதனால் மதிப்பு குறையுமே தவிர கூடாது.

பார்க்க வேண்டியது தேய்மானத்தை. விக்டோரியா ரூபாயில் மகுடம், கன்னம், கூந்தல் போன்ற மேடான பகுதிகளே முதலில் மழுங்கும். 'வெரி குட்' என்ற சொல்லும் மயக்கக்கூடியது: 70 புள்ளி ஷெல்டன் அளவுகோலில் அது 8 முதல் 10 வரைதான்; புழங்கிய நாணயத்தின் உச்சம் 58. சாய்ந்த ஒளியில் எடுத்த படத்தையும் எடையையும் விற்பவரிடம் கேட்டுப் பெற்ற பிறகே விலை சொல்ல வேண்டும். அச்சானபோது அந்த ரூபாயின் எடை 11.66 கிராம்.