உத்தரத்தில் கட்டினால் தூளி... உடம்பில் கட்டினால் கேவலமா?

அரும்பாவூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது மரச்சிற்பம்தான். பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை வட்டம், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிற ஒரு பேரூராட்சி. சாமி சிலை, வாகனம், தேர்ச் சிற்பம் என்று இங்கே செதுக்குகிற மரவேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்கே பெருமை, அதில் சந்தேகமில்லை.

ஆனால் அதே தெருக்களில் இன்னொரு கைவேலையும் காலங்காலமாக நடந்துகொண்டிருக்கிறது. பழைய சேலையை உத்தரத்தில் வீசிப் போட்டு, முடிச்சுப் போட்டு, கையால் இழுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கிடத்துகிற தூளி! எந்தச் சேலை தாங்கும், எது நழுவும், எந்த முடிச்சு எடை ஏற ஏற இறுகும்... இதை எந்தப் பாலிடெக்னிக்கிலும் சொல்லித் தருவதில்லை. பாட்டி அம்மாவுக்குச் சொன்னாள், அம்மா மகளுக்குச் சொன்னாள். அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அதே சேலையை உத்தரத்துக்குப் பதிலாகத் தாயின் தோளிலும் இடுப்பிலும் கட்டி, பிள்ளையை நெஞ்சோடு வைத்துக்கொண்டால் என்ன? வெளிநாட்டிலும் நம்மூர் நகரங்களிலும் இதற்கென்றே 'பேபி கேரியர்' என்று விற்கிறார்கள். நல்லதாக வாங்கினால் விலை ஆயிரக்கணக்கில் போகிறது. தையல் தெரிந்த தாய்மார்கள் தாங்களே தைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் அரும்பாவூர் மாதிரி ஊரில் புதுசாகப் பிள்ளை பெற்ற ஒரு பெண் சேலையில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனால் என்ன பேச்சு வரும்? "குறத்தி மாதிரி கட்டிக்கிட்டுப் போறா பாரு!"

இந்த ஒரு வரியில்தான் பிரச்சினை மொத்தமும் இருக்கிறது.

நரிக்குறவர் பெண்கள் பிள்ளையைத் துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடந்து பாசிமணி விற்கிறார்கள். இரண்டு கையும் வியாபாரத்துக்கு, பிள்ளை உடம்போடு. இதே பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூரில் அவர்கள் குடியிருப்பு இருக்கிறது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023 ஜனவரியில்தான் வந்தது. அதுவரைக்கும், ஏன் இன்றைக்கும், அவர்கள் செய்கிற எதைச் செய்தாலும் மட்டம் என்று நினைக்கிற புத்தி நம்மிடம் இருக்கிறது. நாயக்கர் காலக் கோயில் தூண்களில் பிள்ளையைத் துணியில் சுமந்து நிற்கிற குறத்தியைச் சிற்பமாகப் பார்த்தால் "ஆஹா, என்ன கலை!" என்கிறோம். அதே காட்சி பஸ் ஸ்டாண்டில் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். ஆக, துணியில் பிள்ளை கட்டுவதில் பிரச்சினை துணியும் இல்லை, பிள்ளையும் இல்லை. யாரைப் போல் தெரிகிறோம் என்கிற பயம்தான் பிரச்சினை.

வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் இதை எங்கிருந்து கற்றார்களாம்? ஆன் மூர் என்ற அமெரிக்க நர்ஸ் 1960-களில் ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் தொண்டு வேலைக்குப் போனார். அங்கே தாய்மார்கள் பிள்ளைகளை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்தார். ஊர் திரும்பித் தனக்குப் பிள்ளை பிறந்ததும் அதே மாதிரி கட்டிப் பார்த்தார், நழுவியது. உடனே தன் அம்மா லூசி ஆக்கர்மேனிடம் சொல்லி ஒரு பை மாதிரி தைத்து வாங்கிக்கொண்டார். பார்த்தவர்கள் எல்லாம் "எங்களுக்கும் ஒண்ணு" என்று கேட்க, 1969-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். 'ஸ்னக்லி' என்ற பெயரில் உலகம் முழுக்க விற்றது. அதாவது, ஆப்பிரிக்கத் தாயின் துணி, அமெரிக்கப் பாட்டியின் தையல், அப்புறம்தான் கம்பெனி. மெக்சிகோவில் ரெபோசோ, கொரியாவில் போடேகி, கிழக்கு ஆப்பிரிக்காவில் கங்கா என்று ஒவ்வொரு ஊரிலும் இதற்கு ஒரு துணியும் ஒரு பெயரும் இருக்கின்றன. நம்மிடம் சேலை இருக்கிறது, வெட்கமும் இருக்கிறது!

"இதனால் பிள்ளைக்கு என்ன லாபம்?" என்று கேட்பவர்களுக்குச் சில கணக்குகள்.

1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனை ஒன்றில் குறைமாதப் பிள்ளைகளுக்குப் போதிய இன்குபேட்டர் இல்லை. எட்கர் ரே என்ற டாக்டர், பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். அதுதான் இன்று நம்மூர் அரசு மருத்துவமனைகளிலும் சொல்லிக்கொடுக்கிற 'கங்காரு பராமரிப்பு'. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளில் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. எடை குறைந்து பிறந்த பிள்ளைகளை, உடல்நிலை சீராகும் வரை காத்திராமல் பிறந்த உடனேயே இப்படி வைத்தபோது, முதல் 28 நாளில் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. யோசித்துப் பாருங்கள், ஒரு மனித உடம்பின் சூடு செய்த வேலை இது!

நிறைமாதப் பிள்ளைக்கு? கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹன்சிகர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் 1986-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிள்ளை அழாத நேரத்திலும் தூக்கி வைத்துக்கொள்ளும்படி ஒரு பிரிவுத் தாய்மார்களிடம் சொன்னார்கள். ஆறு வார வயதில் அந்தப் பிள்ளைகளின் அழுகையும் சிணுங்கலும் மற்றப் பிள்ளைகளைவிட 43 சதவீதம் குறைவாக இருந்தது. "எப்பவும் தூக்கி வச்சா கைப்பழக்கம் ஆயிடும், அப்புறம் கீழேயே விட முடியாது" என்று பயப்படுகிற மாமியார்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம் :)

ஆனால் பெரியவர்கள் சொல்வதெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. "தலை நிக்காத பிள்ளையைக் கட்டாதே" என்று பாட்டி பதறுகிறாளே, அந்தப் பதற்றத்தில் பெரிய உண்மை இருக்கிறது. 2010-ல் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஓர் எச்சரிக்கை விட்டது. துணிப்பை மாதிரியான கேரியர்களில் 20 ஆண்டுகளில் குறைந்தது 14 பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். அதில் 12 பிள்ளைகள் நான்கு மாதம்கூட ஆகாதவர்கள். ஆழமான பையில் பிள்ளை சுருண்டு படுக்கும்போது தாடை நெஞ்சில் போய் ஒட்டிக்கொள்கிறது. மூச்சுக்குழாய் மடங்குகிறது. சத்தமே வராது. தாய்க்கும் தெரியாது. கடையில் விற்ற பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கேரியர்களை அந்த ஆண்டில் திரும்பப் பெற்றார்கள். கம்பெனி தைத்ததற்கே இந்தக் கதி என்றால், வீட்டில் தைப்பவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

தூளியும் ஆபத்தே இல்லாதது அல்ல. வீட்டில் கட்டிய சேலைத் தூளியில் விளையாடிய பிள்ளைகளின் கழுத்தில் துணி இறுகி உயிர் போன செய்திகள் நம் நாளிதழ்களில் வந்திருக்கின்றன. அதற்காக யாரும் தூளியைக் கைவிட்டுவிடவில்லை. எப்படிக் கட்டுவது, யார் பார்த்துக்கொள்வது என்று கற்றுக்கொள்கிறோம். இதற்கும் அதே நியாயம்தான்.

கற்றுக்கொள்ள வேண்டியது ஐந்தே விஷயம்:

1. துணி இறுக்கமாக இருக்க வேண்டும். தொங்கினால் பிள்ளை சுருளும்.
2. பிள்ளையின் முகம் எப்போதும் தாயின் கண்ணில் பட வேண்டும். துணியால் முகத்தை மூடக் கூடாது.
3. தாய் குனிந்தால் பிள்ளையின் உச்சந்தலையில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் இருக்க வேண்டும்.
4. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி வேண்டும்.
5. முதுகு துணியில் நன்றாகத் தாங்கியிருக்க வேண்டும். நடுவில் சரியக் கூடாது.

குறைமாதப் பிள்ளை, சளி பிடித்த பிள்ளை, நான்கு மாதத்துக்குட்பட்ட பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் கட்டவே கூடாது. ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவர்களும் அப்படித்தான், தையல் ஆறும் முன் இடுப்பில் முடிச்சு வேண்டாம்.

அடுத்த கேள்வி, "கால் வளைஞ்சிடாதா?" இதில் நம் பாட்டிகள் தங்களுக்குத் தெரியாமலே ஜெயித்திருக்கிறார்கள். பிள்ளையை இடுப்பில் வைக்கும்போது கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து, முழங்கால் புட்டத்தைவிட மேலே நிற்கிறது அல்லவா? இடுப்பு மூட்டு சரியாக வளர எலும்பு டாக்டர்கள் சொல்வதும் இதே நிலைதான். இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்துக் கட்டுவதுதான் தப்பு. ஆகவே கேரியர் தைக்கும்போது உட்காருகிற பகுதி, ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை அகலமாக இருக்க வேண்டும்.

தைக்க என்ன வேண்டும்? பெரிதாக ஒன்றுமில்லை. வெளிநாட்டில் விற்கிற நீளத் துணி கேரியர் ஒன்று சுமார் நாலரை மீட்டர். நம் சேலை ஐந்தரை மீட்டர்! அகலம்தான் கூடுதல். நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து ஓரம் அடித்தால் ஒரு சேலையில் இரண்டு. பருத்திச் சேலைதான் நல்லது. சில்க்கும் பாலியஸ்டரும் வழுக்கும், அரும்பாவூர் வெயிலுக்கும் ஆகாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, நூல் விட்டிருந்தால் அந்தத் துணியைப் பாத்திரம் துடைக்க வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பலமாக இழுத்தும் பார்க்க வேண்டும். பட்டை வைத்துத் தைப்பதானால் டெய்லர் கடையில் கெட்டி நூல் கேட்டு வாங்கி, பட்டை சேருகிற இடத்தில் சதுரமாக ஒரு தையல், அதற்குள் பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல் போட வேண்டும். வளையம் வைத்துச் செய்கிற வகைக்கு ஹார்டுவேர் கடை வளையமும் பேக் வளையமும் உதவாது. ஒட்டு இல்லாத, இதற்கென்றே செய்த வளையம் கிடைத்தால் மட்டும் முயற்சி செய்யலாம். ஒவ்வொரு தடவை கட்டுவதற்கு முன்னாலும் துணியையும் தையலையும் பார்க்க வேண்டும். பழகும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொருவர் கை கொடுக்கப் பழக வேண்டும்.

எங்கே கட்டக் கூடாது என்பதும் முக்கியம். அடுப்பு முன்னால் கூடாது. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்து அடிக்கிற கொல்லையில் கூடாது. சித்திரை வெயிலில் நடுப்பகலில் கூடாது, இரண்டு உடம்புச் சூடும் சேர்ந்துவிடும். பைக்கில் கூடவே கூடாது! 9 மாதம் முதல் 4 வயது வரையிலான பிள்ளைகளை பைக்கில் ஏற்றினால் அதற்கான பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. சேலை அந்தப் பட்டை ஆகாது.

இத்தனையும் யார் சொல்லித் தருவது? இங்கேதான் உண்மையான குறை. பணம் உள்ளவர்கள் கேரியர் வாங்கினால் கூடவே படம் போட்ட ஒரு புத்தகம் வருகிறது. சின்ன வெங்காயம் நடப் போகிற தாய் சேலையில் கட்டிக்கொண்டால் அவளுக்கு அந்த ஐந்து விஷயத்தைச் சொல்ல ஆளில்லை. அரசு மருத்துவமனையில் பிறக்கிற பிள்ளைகளுக்கென்று 2015-ல் 16 பொருட்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கினார்கள். துண்டு, உடை, சோப்பு, எண்ணெய் எல்லாம் அதில் இருந்தன. அப்படி ஒரு பெட்டகத்தில் நாலரை மீட்டர் கைத்தறிப் பருத்தித் துணியும், அதன் ஓரத்தில் இந்த ஐந்து விதியைப் படமாக அச்சடித்தும் கொடுத்தால் எவ்வளவு செலவாகிவிடும்? கிராம சுகாதார நர்ஸ் தடுப்பூசி போட வரும்போது கட்டிக் காட்ட பத்து நிமிஷம் போதும். நெசவாளிக்கும் ஒரு வேலை.

இன்னொன்று. சேலை என்பதால் இது தாய்க்கு மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்பா கட்டிக்கொள்ள வேட்டி இருக்கிறது. கங்காரு பராமரிப்பில் அப்பாவின் நெஞ்சும் சேர்த்திதான். மரத்தைச் செதுக்கிச் சாமியைக் கொண்டுவருகிற கைக்கு ஒரு முடிச்சுப் போடத் தெரியாதா என்ன? பிரசவம் முடிந்து நாற்பது நாள் ஒரே அறையில் கிடந்தவள், அப்புறமும் ஒரு கையில் பிள்ளையோடு மறு கையால் சோறு வடிக்கிறாள். அவளுக்குத் தேவை இரண்டு கை. அதை ஒரு பழைய சேலை கொடுக்கும் என்றால், "யாரைப் போல இருக்கு" என்று கேட்பதை நிறுத்திவிட்டு "முடிச்சு சரியா இருக்கா" என்று கேட்கப் பழகலாம்.