சுவரிலே சான்றிதழ்! ஆள் எங்கே?

தமிழ்நாட்டுத் தெருக்களிலே மருந்துக் கடைக்குப் பஞ்சமில்லை. சுவரிலே சான்றிதழ் தொங்குகிறது. கண்ணாடிச் சட்டம் உண்டு, முத்திரை உண்டு, படித்துப் பதிவு பெற்றவரின் பெயரும் உண்டு. பெயருக்குரிய மனிதரைத்தான் பல கடைகளிலே காணோம்! மாதம் ஒரு தொகைக்குச் சான்றிதழை வாடகைக்கு விட்டுவிட்டு அவர் எங்கோ இருக்கிறார். மருந்தெடுத்துத் தருபவர், அந்தப் படிப்பே படிக்காத ஓர் இளைஞர்!

நேர்மையாகக் கடை நடத்துவோர் உண்டு; அவர்களைப் போற்றுகிறோம். மற்றவர்களைத்தான் கேட்கிறோம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது! மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே என்கிறது 1948-ஆம் ஆண்டுப் பார்மசிச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு. பதிவு பெற்றவர் இல்லாமல் மருந்து வழங்குவது மக்கள் உயிரோடு விளையாடுவதாகும் என்று, 2022 நவம்பரில், பீகார் வழக்கொன்றிலே உச்சநீதிமன்றமும் கண்டித்தது. ஏட்டிலே சட்டம், கடையிலோ, “காய்ச்சலா? இந்தா, ஒரு செட் மாத்திரை!”

மாத்திரை எடுத்துத் தரப் படிப்பு எதற்கு என்பர் சிலர். இரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவருக்கு வலி மாத்திரையைக் கொடுத்தால் உள்ளே இரத்தம் கசியக்கூடும். அதை எச்சரிப்பது யார்? பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக் குளிரிலே வைக்க வேண்டும். இரவெல்லாம் குளிர்ப்பெட்டியை நிறுத்திவிட்டால் அதை அறிவது யார்?

சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லையாம்! கடை வாடகை கட்டுப்படியாகிறது, மின்கட்டணம் கட்டுப்படியாகிறது, படித்தவனுக்குக் கூலி கொடுப்பது மட்டும் கட்டுப்படியாகாதோ?

பணம் படைத்தவன் மருத்துவரை நாடுவான். ஒரு நாள் கூலியை இழந்தால் அடுப்பெரியாத தொழிலாளிக்கோ மருந்துக் கடைதான் மருத்துவமனை! அங்கே தவறு நேர்ந்தால் தாங்குவது அவன் உடல். தவிப்பது அவன் குடும்பம்.

தோழர்களே! கடையில் நிற்கும் இளைஞர்மீது பாயாதீர்கள். அவரும் நம்மைப்போல் கால்கடுக்க நின்று உழைப்பவர். குற்றவாளிகள், ஆளின்றிக் கடை நடத்தும் முதலாளியும், சான்றிதழை வாடகைக்கு விட்டவரும், கண்டும் காணாதிருக்கும் அதிகாரியுமே!

கடைக்குப் போனால் கேளுங்கள்: “மருந்தாளுநர் எங்கே?” ரசீது கேட்டு வாங்குங்கள், காலாவதி நாளைப் பாருங்கள். ஆளில்லை என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். ஒருவர் கேட்டால் முறைப்பார்கள். ஊரே கேட்டால் ஆளை வைப்பார்கள்!