எங்கள் கரைத் தமிழும் பட்டிமன்ற மேடையும்

விவாதத்திற்குப் பஞ்சமில்லாத நாடு நம் நாடு. எந்தப் படம் சிறந்தது, பிள்ளையைத் தமிழ்வழியில் சேர்ப்பதா ஆங்கிலவழியில் சேர்ப்பதா, கைபேசி விளையாட்டு பொழுதுபோக்கா கேடா என்று வீட்டிலும் வீதியிலும் வாதம் ஓய்வதில்லை. பனிமய அன்னையின் திருவிழாக் கூட்டத்தில் தேரின் வருகைக்குக் காத்து நிற்கும் வேளையிலும் இரண்டு கட்சி பிரிந்து பேசுகிறவர்களைக் கண்டிருக்கிறோம். எங்கள் இலக்கிய மன்றமும் இதற்கு விலக்கன்று. பட்டிமன்றம் என்று அறிவித்துவிட்டால் அன்று வகுப்பில் இடம் கொள்ளாது.

இதைக் குறை கூற நாங்கள் எழுதவில்லை. பெண் பிள்ளைகள் நாலு பேர் நடுவே பேசலாகாது என்றிருந்த காலத்தைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பேசுவது நல்லது; இன்னும் மிகுதியாகப் பேச வேண்டும். எங்கள் மனக்குறை வேறு. எந்தப் பொருளைப் பற்றி வாதம் நடக்கிறதோ, அப்பொருளோடு பிறந்து வளர்ந்தவள் பெரும்பாலும் மேடைக்கு வருவதில்லை. வந்தாலோ, அவள் சொன்ன கருத்தை விட்டுவிட்டு, சொன்ன விதத்தைப் பிடித்துக் கொள்கிறார்கள்.

வெளியூரில் நடந்த பேச்சுப் போட்டி ஒன்றில் இது நேரிட்டது. தலைப்பு ‘கடல்வளம்’. எங்களுள் ஒருத்தி, மீனவர் வீட்டுப் பெண், தந்தையார் சொல்லக் கேட்டவற்றையே கொண்டு பேசினாள். பேச்சின் நடுவே ‘நீவாடு’ என்றாள். அரங்கில் சிரிப்பு எழுந்தது. நடுவர், “கொச்சை வேண்டாம், நீரோட்டம் என்று சொல்” என்றார். பரிசு, கடலைப் படத்தில் பார்த்து மனப்பாடம் செய்து வந்த ஒருவருக்குப் போயிற்று. பரிசு போனதற்கு நாங்கள் வருந்தவில்லை. நீரோட்டம் தாமிரபரணியிலும் உண்டு, வாய்க்காலிலும் உண்டு. நீவாடு என்பது கடலில் தொழில் செய்கிறவர் தம் வலைக்கும் படகுக்கும் கணக்கு வைக்கும் ஓட்டம். அது வரும் திசையைக் கொண்டு வாநீவாடு என்றும் சோநீவாடு என்றும் பெயர் மாறும். வலையை எப்பக்கம் இறக்குவது, எப்பொழுது வாங்குவது என்பதெல்லாம் அதைப் பொறுத்தே அமையும். அச்சொல்லை எடுத்துவிட்டால் அவள் சொல்ல வந்த செய்தியும் உடன் போய்விடுகிறது. இதில் இன்னொன்றும் உண்டு. அன்று அந்த அரங்கைத் திறந்த ‘சாவி’யும், காற்று வந்த ‘சன்னலு’ம், நடுவர் மதிப்பெண் எழுதிய ‘மேசை’யும் போர்த்துக்கீசியர் நம் நாட்டில் விட்டுச் சென்ற சொற்கள்! அவற்றைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை.

சொல்லைப் பற்றிய வாதம் இக்கரைக்குப் புதியதன்று. புனித சவேரியார் 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தபொழுது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி வைத்துக் கொண்டு விசுவாசப் பிரமாணம் முதலான செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர் சிறுமியரை அழைத்துக் கற்பித்தார். இவ்வளவும் ஞானோபதேச வகுப்பில் நாம் படித்ததே. ஆனால், 1544-இல் அவர் தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு எழுதிய ஒரு கடிதச் செய்தியை நம்மில் பலர் அறிந்திலோம். விசுவாசப் பிரமாணத்தில் ‘வேணும்’ என்ற சொல் இடம் பெற்றிருந்தது. அது ‘விரும்புகிறேன்’ என்று பொருள்படும். நாம் சொல்ல வேண்டியதோ ‘விசுவசிக்கிறேன்’ என்பது. ஆகவே மாற்றிச் சொல்லுங்கள் என்று சவேரியார் எழுதுகிறார். ஆண்டவரின் பாடுகளைச் சொல்லுமிடத்தில் ‘வன்பினாலே’ என்றிருந்ததையும் நீக்கச் சொல்கிறார். வன்பினாலே என்றால் கட்டாயத்தினால் என்றாகிவிடும்; கிறிஸ்து தம் விருப்பத்தினாலன்றோ பாடுபட்டார்!

எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ் அறியாத ஒருவருக்கு இந்த வேறுபாடு எங்ஙனம் தெரிந்திருக்கும்? இக்கரையில் தமிழ் பேசியவர்கள் அன்றி வேறு யார் அதை எடுத்துக் காட்டியிருக்க முடியும்? அவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ‘உங்கள் பேச்சு கொச்சை’ என்று ஒதுக்காமல் கேட்டுக் கொண்டார் அந்த மகான். கேட்டதோடு நில்லாமல், மக்கள் ஏற்கெனவே மனப்பாடம் செய்துவிட்ட செபத்தையே திருத்தினார். எங்கள் பட்டிமன்றங்களில், எதிர்க்கட்சி சொன்னதைக் கேட்டுத் தன் பேச்சில் ஒரு சொல்லை மாற்றிக் கொண்ட பேச்சாளரை இதுவரை நாங்கள் கண்டதில்லை.

அவருக்குப் பின் வந்த ஹென்றிக்கஸ் அடிகளாரும் இக்கரை மக்களிடமே தமிழ் கற்றார்; இலக்கணமும் எழுதினார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் நம் நாட்டில் அச்சானவற்றுள் இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல் அதுவே. நூல்கள் அச்சாவதற்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் பரதவ மக்கள். அதை நினைக்கும்பொழுது, கரைப் பேச்சு மேடைக்கு ஆகாது என்பவர்களிடம் கேட்கச் சில கேள்விகள் எங்களிடம் உண்டு.

வீட்டில் நடக்கும் மற்றொரு வழக்கையும் இங்கே சொல்ல வேண்டும். மாலைச் செபமாலையின்போது பாட்டி பழைய ‘பிரியதத்தம்’ சொல்வார். நாங்கள் ‘அருள் நிறைந்த மரியே’ என்போம். பாட்டிக்குப் பூசை, எங்களுக்குத் திருப்பலி. பாட்டிக்கு ஞானஸ்நானம், எங்களுக்குத் திருமுழுக்கு. அவர் சர்வேசுரன் என்று சொல்லுமிடத்தில் நாங்கள் இறைவன் என்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாட்டில் தாய்மொழிக்கு வழிவிட்ட பிறகு வந்த மாற்றம் இது. 1916-இல் மறைமலை அடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் காற்றும் அதில் வீசியது எனலாம். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ புதுச் சொற்களை வீடுகளுக்குள் கொண்டு வந்து சேர்த்தது. “பழைய சொல்லில்தான் பக்தி இருக்கிறது” என்கிறார் பாட்டி. “புரியாத சொல்லில் என்ன பக்தி?” என்கிறாள் ஒன்பதாம் வகுப்புத் தங்கை. நடுவில் அகப்பட்டுக் கொள்பவர் எப்பொழுதும் அம்மாதான்.

இவ்வழக்கில் நாங்கள் தங்கையின் பக்கமே. புரிந்து செபிப்பது மேல். ஆனால் பாட்டியின் சொற்கள் ‘வடமொழிக் கலப்பு’ என்று ஒரே வரியில் தள்ளத் தக்கவை அல்ல. படிப்பு வாசனை எட்டாத நாளில், புயலிலும் பஞ்சத்திலும், கணவன் கடலில் இருந்த இரவுகளிலும் அவர் பற்றிக் கொண்ட சொற்கள் அவை. ‘சர்வேசுரன்’ பழையது, ‘இறைவன்’ புதியது என்று வாதிடும் இரு கட்சியாருக்கும் ஒரு செய்தி: 1578-ஆம் ஆண்டு நூல் கடவுளைத் தன் பெயரிலேயே ‘தம்பிரான்’ என்றுதான் அழைக்கிறது. இப்படி ஒரு நூலை எடுத்து நடுவில் வைத்துவிட்டால் பாதிச் சண்டை தானே அடங்கிப் போகும். மீதிப் பாதிதான் உண்மையான விவாதம்.

திரைப்படத்திற்கு வருவோம். ‘திரைப்படத்தால் விளைவது நன்மையா, தீமையா?’ என்ற தலைப்பை எங்கள் அன்னையரும் தம் பள்ளி நாளில் பேசியிருக்கிறார்களாம். அதற்கு ஓய்வு கொடுக்கலாம். மணிரத்னம் இயக்கிய ‘கடல்’ 2013-இல் வந்தது. மணப்பாட்டின் மணல்மேடும் கடற்கரையும் அதில் இடம் பெற்றன. பாட்டு நன்று, கதை நன்றன்று என்று எங்கும் பேசினார்கள். மணப்பாட்டில் பிறந்தவர் கேட்கும் கேள்வி வேறாக இருந்திருக்கும். கதைமாந்தர் பேசுவது எங்கள் பேச்சா? மரத்தைக் கடலில் தள்ளும் கை தொழில் தெரிந்த கையா? கரையில் வாழ்பவர் எல்லாரும் முரடரும் குடிகாரரும்தானா? எங்கள் மன்றத்திற்கு ஏற்ற தலைப்பு இதுவே. ஆனால், ‘எங்கள் பேச்சா?’ என்று கேட்கும் உரிமையை, அப்பேச்சைப் பேச வெட்கப்படுகிறவர் எப்படிக் கோர முடியும்? உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் அவ்வாறு வெட்கப்படவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தையும் பரதவர் வாழ்வையும் சொல்லும் அவருடைய ‘கொற்கை’ நாவல் 2009-இல் வந்தது. 2013-இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. கரைச் சொற்கள் நிறைந்த நூல் அது.

கைபேசி விளையாட்டைப் பற்றிய வாதத்தில் நாடே ஒரு சொல்லின்மேல் நின்றது. பணம் வைத்து ஆடும் ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா? தமிழக அரசு 2022-இல் அதைத் தடுக்கச் சட்டம் செய்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், தடை அவற்றுக்குச் செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் கூடாது என்று சட்டம் இயற்றியது. சொல்லைச் சுற்றிச் சுற்றி வந்த வழக்கை, அச்சொல்லையே ஒதுக்கி வைத்து முடிக்கப் பார்த்தார்கள்.

எங்கள் கரைக்கு இக்கேள்வி பழகியதே. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், பாரிலிருந்து எடுத்த சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே ஆணிமுத்தும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். பார்களின் இயல்பறிந்த வணிகர் கணக்கிட்டு வாங்கினார்கள். அவர்களைப் பார்த்து, கையில் இருந்த காசுக்குச் சில சிப்பிகளை வாங்கித் திறந்து பார்த்த எளியவர்களும் உண்டு. அது வாணிகமா, சூதா? வணிகருக்கு ஒரு விடை, எளியவருக்கு ஒரு விடை. கீழே மூச்சடக்கி மூழ்கியவருக்கோ மூன்றாவது விடை ஒன்று இருந்திருக்கும். அவரைக் கேட்டவர் இல்லை. தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. அதைக் கண்ணால் கண்ட முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். ரம்மியைப் பற்றி வாதிடுமுன் அவர்களில் ஒருவரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டால், நாளிதழ் தராத சான்று கிடைக்கும்.

“இந்தப் பேச்சைப் பேசினால் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா? நாலு பேர் மதிப்பார்களா?” என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். இவ்வச்சத்தை நாங்கள் எளிதாகத் தள்ளவில்லை. உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரும் தாய், தன் மகள் தன்னைப்போல் பேசாதிருந்தால் தன்னைப்போல் உழைக்காமலும் இருப்பாள் என்று நம்புகிறார். அவரிடம் போய்ப் ‘பேச்சைக் காப்பாற்றுங்கள்’ என்று உபதேசம் செய்ய எங்களுக்கு வாய் வரவில்லை. செந்தமிழும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். தேர்வில் எழுத்துத் தமிழ் பிசகினால் மதிப்பெண் குறைய வேண்டியதே. எனினும், விசைப்படகு ஓட்டக் கற்ற மகன் நீந்த மறந்துவிட வேண்டும் என்று எந்தத் தகப்பனாரும் சொல்வதில்லை அன்றோ? மேலும், வேலைக்குச் செல்லும் இடத்தில் பேசத் துணிவு வேண்டும். பள்ளி மேடையில் ஒருமுறை சிரிக்கப்பட்ட பெண்ணுக்கு அத்துணிவு எங்கிருந்து வரும்? அன்று சிரிக்கப்பட்ட எங்கள் தோழி அதற்குப் பின் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை.

ஆகவே எங்கள் அருட்சகோதரியரிடமும் தமிழாசிரியைகளிடமும் பணிவுடன் ஒரு விண்ணப்பம் வைக்கிறோம். வரும் கல்வியாண்டு முதல் இலக்கிய மன்றப் பட்டிமன்றத்தில் கரைச் சொல்லுக்கும் உப்பளச் சொல்லுக்கும் மதிப்பெண் குறைக்கலாகாது. விளங்காத சொல்லுக்குப் பொருள் கேட்க நடுவருக்கு உரிமை உண்டு; அவையோருக்குச் சிரிக்க உரிமை இல்லை. ஒவ்வொரு பேச்சாளரும் தலைப்போடு வாழ்ந்த ஒருவரையேனும் நேரில் கண்டு கேட்டு வர வேண்டும். யாரைக் கேட்டாள் என்பதை மேடையில் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சியின் சான்றை ஏற்றுத் தன் கருத்தைத் திருத்திக் கொள்பவளுக்குத் தனிப் பரிசு ஒன்றும் தரலாம். (சவேரியார் பெயரால் அப்பரிசு அமையுமானால் மிக மகிழ்வோம்.) ‘செபத்தில் பழைய சொல்லா, புதிய சொல்லா?’, ‘சிப்பி ஏலம் வாணிகமா, சூதா?’ என்ற இரண்டையும் முதல் தலைப்புகளாக எடுத்துக் கொள்ளலாம். முதல் தலைப்புக்குப் பாட்டிமாரையே நடுவராக அழைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். தீர்ப்பு என்னவாகும் என்பது முன்பே தெரிந்துவிடுமாதலால் அதை நாங்கள் ஏற்கவில்லை.

பெற்றோர்களும் உதவ வேண்டும். காற்றின் பெயர்கள், வலையின் பகுதிகள், மீன் வகைகள், தோணியின் உறுப்புகள், உப்புப் பாத்தியில் வழங்கும் சொற்கள், பாட்டிமார் சொன்ன பழைய செபச் சொற்கள் ஆகியவற்றைப் பொருளோடு எழுதி மகளிடம் கொடுத்தனுப்புங்கள். எழுத இயலாதவர் சொல்லுங்கள். நாங்கள் வந்து எழுதிக் கொள்கிறோம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் இதற்கென ஒரு குறிப்பேட்டை நூலகத்தில் வைக்க எண்ணியுள்ளோம்.