மலை நார்வேயோடது, கல்லாப்பெட்டி கப்பலோடது

நார்வே ஃபியோர்டுகளைச் சுத்திக் காட்டற சொகுசுக் கப்பல் விளம்பரத்தை எங்கேயாவது பாத்திருப்பீங்க. ரெண்டு பக்கமும் செங்குத்தா மலை, மேலேருந்து நூல் மாதிரி இறங்கற அருவி, நடுவுல அசையாத தண்ணி. அந்தத் தண்ணியில வெள்ளை வெளேர்னு ஒரு பதினஞ்சு மாடிக் கட்டடம் மிதந்து வரும். மேல் தளத்துல ஒரு ஜோடி கையில கோப்பையோட கம்பியில சாஞ்சு நிப்பாங்க. யூடியூப்ல இந்த மாதிரி வீடியோக்களைப் பாத்தே ரெண்டு செமஸ்டர் லீவை ஓட்டினவன் நான். போனதெல்லாம் இல்ல. பி.காம் படிக்கறவனோட பாக்கெட் மணிக்கு அந்தக் கப்பல்ல ஒரு பாட்டில் தண்ணிகூடக் கட்டுப்படியாகாது :-)

ஆனா காமர்ஸ் படிக்கறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துடும். எதைப் பாத்தாலும் இதுல காசு எங்கேருந்து வருது, யார் பையில போய் விழுதுன்னு கேக்கத் தோணும். இந்தக் கப்பல் விஷயத்துல கேட்டுப் பாத்ததுல எனக்குத் தெரிஞ்சது இதுதான். கப்பல் கம்பெனி விக்கற சரக்கு அந்த ஃபியோர்டு. அந்தச் சரக்குக்கு அது கொடுக்கற விலை ரொம்பக் கம்மி. விலையை ஏத்திக் கேக்கற தெம்பு வேற எந்த ஊருக்கு இல்லேன்னாலும் நார்வேக்கு இருக்கு. அந்த நார்வேயே பெரிய கப்பல்களுக்கு 2032 வரைக்கும் தவணை கொடுத்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கல.

முதல்ல சரக்கைப் பத்தி. ஃபியோர்டுங்கறது பனியாறு குடைஞ்ச பள்ளத்தாக்கு. பனிக்காலம் முடிஞ்சு பனியாறு பின்வாங்கினதும் கடல் உள்ள வந்து ரொப்பிடுச்சு. அதனாலதான் கடற்கரையிலேருந்து நூறு, இருநூறு கிலோமீட்டர் உள்ளேயும் உப்புத்தண்ணி கிடக்கு. சோக்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல நீளம், ஆழம் 1,300 மீட்டர். இவ்வளவு ஆழம் இருக்கறதாலதான் ஒரு மிதக்கற நகரமே மலைக்கு நடுவுல போய் நிக்க முடியுது. அதுல ஒரு கிளையான நேரோய் ஃபியோர்டும், அதுக்கு வடக்கே இருக்கற கெய்ராங்கர் ஃபியோர்டும் 2005-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு. கெய்ராங்கர் கிராமத்துல வருஷம் முழுக்க இருக்கறவங்க 200 சொச்சம் பேர்தான். கோடையில ஒரே ஒரு பெரிய கப்பல் வந்தாலே மூவாயிரம், நாலாயிரம் பேர் இறங்குவாங்க. ஒரே நாள்ல ரெண்டு மூணு கப்பல் வந்தா? நம்ம ஊர் தேர்த் திருவிழாவை ஒரு முட்டுச்சந்துல நடத்தற மாதிரி.

கூட்டத்தைவிடப் பெரிய பிரச்சினை புகை. கப்பல் நின்னுட்டா எஞ்சினும் நின்னுடும்னு நாம நினைப்போம். நிக்காது. உள்ள ஆயிரக்கணக்கான அறை, சமையலறை, நீச்சல் குளம், ஏசி, எல்லாத்துக்கும் கரண்ட் வேணும். கரையிலேருந்து ஒயர் போட்டு வாங்க வசதி இல்லேன்னா, நிக்கற நேரம் பூரா எண்ணெயை எரிச்சுத்தான் கரண்ட் எடுக்கணும். திறந்த கடல்ல அந்தப் புகை காத்தோட போயிடும். ரெண்டு பக்கமும் ஆயிரம் மீட்டருக்கு மேல சுவர் நிக்கற இடத்துல, காத்து இல்லாத நாள்ல, அது ஊர் தலைமேலேயே தொங்கும். எங்க புத்தகத்துல 'எக்ஸ்டர்னாலிட்டி'ன்னு ஒரு பாடம் உண்டு. ஒருத்தன் செஞ்சதுக்கு இன்னொருத்தன் செலவு பண்றது. வழக்கமா ஆத்துல சாயம் கலக்கற ஆலையை உதாரணமா எழுதுவோம். கெய்ராங்கரை எழுதினா இன்னும் நல்லாப் புரியும், ஏன்னா இங்க அழுக்காக்கறவன் விக்கறதே அந்த இடத்தோட சுத்தத்தைத்தான்.

இப்போ கல்லாப்பெட்டிக்கு வருவோம். ராயல் கரீபியன், கார்னிவல் மாதிரி பெரிய கம்பெனிகளோட ஆண்டறிக்கையைப் புரட்டினா ஒரு விஷயம் பளிச்சுன்னு தெரியும். வருமானத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு டிக்கெட்ல வர்றதில்ல. ஏறினதுக்கு அப்புறம் செலவு பண்ண வைக்கறதுல வருது. மது, சூதாட்டம், மசாஜ், இண்டர்நெட், கரையில சுத்திப் பாக்கற டூர், எல்லாம் இதுல அடக்கம். அந்தக் கடைசி ஐட்டத்தை கவனிங்க. கரையில பஸ் ஓட்டறவர் உள்ளூர்க்காரரா இருந்தாலும், டூரை விக்கறது கப்பல், அதுல கமிஷன் எடுக்கறதும் கப்பல். சாப்பாட்டுக்கு ஏற்கெனவே காசு கட்டினவன் மதியம் கப்பலுக்கே திரும்பி வந்து சாப்பிடுவான். ராத்திரி தூக்கமும் கப்பல்ல. ஊருக்கு மிஞ்சறது ஒரு காபி, ஒரு ஃப்ரிட்ஜ் காந்தம், அப்புறம் கழிப்பறை வரிசை.

இன்னொரு வேடிக்கை, ஆக்குபன்சி கணக்கு. ஹோட்டல் நடத்தறவங்க 80 சதவீதம் நிறைஞ்சாலே கும்பிடு போடுவாங்க. கப்பல் கம்பெனிகள் 105 சதவீதம்னு கணக்குக் காட்டும். ஒரு அறைக்கு ரெண்டு பேர்னு வச்சு நூறு போடறாங்க. குழந்தையோட மூணு பேர் தங்கினா நூறைத் தாண்டிடும். காலியா புறப்பட்ட அறை அந்தப் பயணத்துக்கு அழுகிப்போன தக்காளி மாதிரி, அதனால என்ன விலைக்காவது தள்ளிவிட்டு, உள்ள வந்ததும் பிடிச்சுக்கலாம்னு கணக்கு.

இவ்வளவு சொகுசு எப்படிக் கட்டுப்படியாகுதுன்னு கேட்டா, பதில்ல பாதி கொடியில இருக்கு. பயணிகள் ஐரோப்பா, அமெரிக்கா. கொடி பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா. ராயல் கரீபியன் சட்டப்படி லைபீரியக் கம்பெனி. மீதிப் பாதி ஊழியர்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா, இந்தியான்னு வர்றவங்கதான் அறையைத் துடைக்கறதும் தட்டு எடுக்கறதும். ஹோட்டல் மேனேஜ்மெண்ட் படிக்கற நம்ம பசங்க பல பேருக்கு 'ஷிப்ல சேரணும்'ங்கறதுதான் லட்சியமே. 2006-ல போட்டு 2013-ல அமலுக்கு வந்த சர்வதேச கடல் தொழிலாளர் உடன்படிக்கை இருக்கு. அதுல ஓய்வு நேரக் கணக்கு எப்படின்னா, வாரத்துக்குக் குறைஞ்சது 77 மணி நேரம். வாரத்துல மொத்தம் 168 மணி நேரம். கழிச்சுப் பாருங்க, 91 மணி நேரம் வேலை வாங்கினாலும் அந்தக் கணக்குல சட்டப்படி சரி. மேல் தளத்து ஜோடி கையில இருக்கற கோப்பையைக் கழுவறவன் ஃபியோர்டைப் பாத்திருப்பானாங்கறது எனக்கு உண்மையிலேயே சந்தேகம்.

இதுல சரித்திரத்தோட குசும்பு ஒன்னு இருக்கு. இன்னைக்கு நாம பாக்கற இந்த கப்பல் சுற்றுலாத் தொழிலை ஆரம்பிச்சதுல பெரிய பங்கு நார்வேக்காரங்களுக்கு! 1966-ல மயாமியிலேருந்து கரீபியன் தீவுகளுக்கு 'சன்வார்ட்'ங்கற கப்பலை விட்டவர் குனுட் க்ளோஸ்டர்ங்கற நார்வே முதலாளி. கூட்டாளி டெட் அரிசன். அது நார்வீஜியன் க்ரூஸ் லைன் ஆச்சு. ரெண்டு பேருக்கும் ஒத்துவராம அரிசன் பிரிஞ்சுபோய் 1972-ல கார்னிவலை ஆரம்பிச்சார். ராயல் கரீபியனையும் 1968-ல தொடங்கினது மூணு நார்வே கப்பல் கம்பெனிகள்தான். தாத்தா விட்ட கப்பல் பேரன் வீட்டு வாசல்ல புகை விட்டுட்டு நிக்குது.

சரி, இந்த ஊர்கள் எல்லாம் ஏன் விலையை ஏத்திக் கேக்கல? பேரம் பேசற பலம் இல்ல, அவ்வளவுதான். ஹோட்டல் கட்டினவன் ஊரை விட்டு ஓட முடியாது, கப்பல் நங்கூரத்தை எடுத்தா போச்சு. 2022-ல ரஷ்யா உக்ரைன் மேல படையெடுத்ததும் கப்பல் கம்பெனிகள் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கைப் பட்டியல்லேருந்து எடுத்துட்டாங்க. அதைத் தப்புன்னு சொல்லல. ஆனா பால்டிக் பயணத்தோட மகுடமே அந்த ஊர்தான், அதுக்காகவே டாலின், ஹெல்சின்கி வழியா வந்த கப்பல்கள் நிறைய. மகுடம் போனதும் அந்தத் துறைமுகங்களுக்கும் சேத்து அடி. தப்பே பண்ணாத ஊர் அடுத்த வருஷம் கப்பல் வருமான்னு கடலைப் பாத்து உக்காந்திருக்கணும். ஆம்ஸ்டர்டாம் 2019-ல தலைக்கு 8 யூரோ வரி போட்டதும் சில கம்பெனிகள் வேற துறைமுகத்துக்குக் கிளம்பிட்டாங்க. ஆம்ஸ்டர்டாம் பணக்கார ஊர், போனாப் போங்கடான்னு சொல்ல முடிஞ்சது. 2023-ல நகரசபையே கப்பல்கள் நகர மையத்துக்கு வேண்டாம்னு தீர்மானம் போட்டுது. பெர்கனும் ஒரு நாளைக்கு மூணு கப்பல், 8,000 பயணிகள்னு வரம்பு வச்சுது, 2020-ல கரையிலேருந்து கப்பலுக்குக் கரண்ட் கொடுக்கவும் வசதி பண்ணிட்டுது. சின்ன ஊருக்கு இதெல்லாம் முடியாது.

ஆனா ஃபியோர்டு விஷயம் வேற. டாலினுக்குப் பதிலா ரிகான்னு போட்டா பயணிகள்ல பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது (டாலின்காரங்க மன்னிக்கணும்). கெய்ராங்கருக்குப் பதிலா எதைப் போடுவீங்க? 'நார்வே ஃபியோர்டுகள்'னு விளம்பரத்துல போட்டுட்டு ஹாம்பர்க் துறைமுகத்துல கிரேனையா காட்டுவீங்க? சிலியிலும் நியூசிலாந்திலும் ஃபியோர்டு இருக்கு, ஆனா சவுத்தாம்ப்டன்லேருந்து ஏழு ராத்திரியில போய் வர முடியாது. பதில் சரக்கு இல்லாத சரக்குக்கு விலை சொல்றவன் விக்கறவன். இது முதல் வருஷ எகனாமிக்ஸ்.

நார்வே நாடாளுமன்றத்துக்கு இது புரிஞ்சிருந்தது. 2018-ல, யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கற ஃபியோர்டுகள்ல சுற்றுலாக் கப்பலும் ஃபெரியும் புகையே விடக்கூடாது, அதிகபட்சக் கெடு 2026-னு தீர்மானம் போட்டாங்க. உலகமே திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் என்ன ஆச்சுன்னா, 10,000 டன்னுக்குக் கீழ இருக்கற கப்பலுக்கு மட்டும் 2026 ஜனவரி 1, அதுக்கு மேல இருக்கறதுக்கு 2032-னு அரசாங்கம் மாத்திடுச்சு. சின்ன டூர் படகு உடனே திருந்தணும். ஒரு லட்சம் டன்னுக்கு மேல இருக்கற ராட்சசனுக்கு ஆறு வருஷம் டயம். டூ வீலர்காரனை ஓரங்கட்டி ஃபைன் போட்டுட்டு, பின்னால வர்ற லாரிக்கு சல்யூட் அடிக்கற மாதிரி இருக்கு.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்னும் லேசானது இல்ல. பெரிய கப்பலுக்கு அந்த அளவு பேட்டரி இன்னைக்குக் கிடையாது, சுத்தமான எரிபொருள் தேவையான அளவுக்குக் கிடைக்கல, தடை போட்டா கப்பல்கள் பக்கத்து ஃபியோர்டுல இருக்கற ஓல்டன் பக்கம் போயிடும், புகை இடம் மாறும், கெய்ராங்கர் கடைக்காரன் மட்டும் பட்டினிங்கறாங்க. கடைக்காரர் கவலை நியாயம்தான். நாலு மாச சீசனை நம்பி வருஷம் பூரா வாழறவங்ககிட்ட தத்துவம் பேச முடியாது. ஆனா இதுலேருந்து எனக்கு வர்ற முடிவு வேற. புகை பக்கத்து ஃபியோர்டுக்குப் போகும்னா விதியைப் பக்கத்து ஃபியோர்டுக்கும் நீட்டுங்க. தொழில்நுட்பம் இல்லேன்னா, அது வர்ற வரைக்கும் காசா வாங்குங்க. 2025-ல நார்வே நாடாளுமன்றம், கூட்டம் தாங்காத ஊர்கள் பயணிகள்கிட்ட கட்டணம் வசூல் பண்ணிக்கலாம்னு சட்டம் போட்டிருக்கு. அதைக் கப்பல் மேல முழுசா, கூச்சப்படாம பிரயோகிச்சு, கிராமத்துக்குக் கரண்ட் லைன் இழுக்கலாம். நார்வேயோட மின்சாரத்துல பெரும்பகுதி நீர்மின்சாரம். அருவியைப் பாக்க வந்த கப்பலுக்கு அருவியிலேருந்தே கரண்ட்.

முடியாதுன்னு சொல்றவங்களுக்கு நார்வேயே பதில் வச்சிருக்கு. 2015-ல உலகத்துலேயே முதல் பேட்டரி கார் ஃபெரியான 'ஆம்பெர்' ஓட ஆரம்பிச்சது சோக்னே ஃபியோர்டுலதான். 2018-லேருந்து ஃப்ளோம்ல கிளம்பி நேரோய் ஃபியோர்டு வழியா போற 'ஃப்யூச்சர் ஆஃப் தி ஃபியோர்ட்ஸ்' முழுக்க மின்சாரம், நானூறு பேர் ஏறலாம். 2022-ல 'ஹாவிலா காஸ்டர்'ங்கற கப்பல் பேட்டரியில மட்டுமே கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள்ள போச்சு. அது 15,000 டன்னுக்கு மேல. அதாவது 2032 வரைக்கும் சலுகை இருக்கற சைஸ்! ராட்சசக் கப்பல் அளவுக்கு இது சின்னதுதான், ஒத்துக்கறேன். அப்போ அந்த ஃபியோர்டுக்குள்ள வர்ற கப்பல் அந்த சைஸ்லேயே இருக்கட்டுமே?

ஹாவிலாவும் ஹுர்ட்டிக்ரூட்டனும் ஓட்டற அந்தக் கடலோரத் தடத்துக்கு வயசு 130-க்கு மேல. 1893-ல தபால் கொண்டு போக ஆரம்பிச்சது. இன்னைக்கும் பெர்கன்லேருந்து கிர்கனெஸ் வரைக்கும் 34 துறைமுகம்; சில இடத்துல நடுராத்திரி கால் மணி நேரம் நின்னு, பெட்டியை இறக்கிட்டு, அடுத்த ஊர்ல அக்கா வீட்டுக்குப் போற ஆளை ஏத்திக்கிட்டுக் கிளம்பும். சுற்றுலாப் பயணிகளும் அதே கப்பல்ல, அதே மலையைப் பாத்துக்கிட்டே போறாங்க. 2011-ல நார்வே அரசுத் தொலைக்காட்சியான என்ஆர்கே இந்தப் பயணத்தை 134 மணி நேரம் இடைவிடாம நேரடியா ஒளிபரப்புச்சு. நான் ஒரு ஆறு மணி நேரம் பாத்திருப்பேன். கதையும் கிடையாது, வசனமும் கிடையாது, மலை நகரும், அவ்வளவுதான். ஆனா கப்பல் ஒவ்வொரு ஊருக்கும் வர்றப்போ ஜனங்க கொடியைத் தூக்கிக்கிட்டு கரைக்கு ஓடி வந்து கையாட்டறாங்க. சின்னப் படகுல பின்னாலேயே துரத்திக்கிட்டு வர்றாங்க. ராணி சோனியாகூட ஒரு இடத்துல கையாட்டினாங்களாம், அந்தப் பகுதிக்கு நான் இன்னும் வந்து சேரல.