நாம மதுரைக்குப் போனா மட்டும் ‘ஊர் சுத்துறதா’?

ஒரு சின்னக் கணக்குல இருந்து ஆரம்பிப்போம் மக்களே. நம்ம கம்பம் பள்ளத்தாக்குல இருந்து மதுரைக்கு என்னென்ன போகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. சின்னமனூர் வாழைத்தார் போகுது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின கம்பம் பன்னீர் திராட்சை போகுது. போடி ஏலக்காய் போகுது. எல்லாத்துக்கும் மேல தண்ணி போகுது. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணையில இருந்து சுரங்கம் வழியா மலையைத் தாண்டி, லோயர்கேம்ப்ல இறங்கி, கூடலூர், கம்பம்னு நம்ம வயலை நனைச்சு, 1959-ல் திறந்த வைகை அணையில சேர்ந்து, அங்க இருந்து மதுரைக்காரங்க குடத்துக்குப் போகுது. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆத்துல இறங்கணும்னாக்கூட ஆண்டிபட்டி பக்கத்துல இருக்கற நம்ம அணையைத்தான் திறந்துவிடணும்.

இதுல எதையும் யாரும் “ஊர் சுத்தப் போகுது”ன்னு சொல்றதில்ல. ஆனா ஒரு சனிக்கிழமை காலையில நீங்களோ நானோ பையை மாட்டிக்கிட்டு மதுரைக்குக் கிளம்பினா, வீட்லயும் ஹாஸ்டல்லயும் வர்ற முதல் கேள்வி: “என்ன, ஊர் சுத்தவா?”

நான் சொல்ல வர்றது இதுதான். தேனி மாவட்டத்துல படிக்கற ஒவ்வொருத்தரும் மாசத்துக்கு ஒரு நாளாவது மதுரைக்குப் போயிட்டு வரணும். காலையில போய் ராத்திரிக்குள்ள திரும்பற ஒரு நாள். அது படிப்பைக் கெடுக்கற பொழுதுபோக்கு இல்ல, படிப்போட ஒரு பகுதி. அதுக்கு ரயில் அட்டவணை, ஹாஸ்டல் விதி, வீட்டு வழக்கம் மூணுமே கொஞ்சம் மாறணும். நாமளும் கொஞ்சம் மாறணும்.

முதல்ல ரயிலைப் பார்ப்போம். போடிக்கு ரயில் வந்தது 1928-ல். அகலப் பாதையா மாத்தறதுக்காக 2010 கடைசியில மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தினாங்க. நம்மள்ல பல பேரு பள்ளிக்கூடம் சேர்ந்து, பத்தாவது எழுதற வரைக்கும் தேனியில ரயில் சத்தமே கேக்கல. 2022 மே 26-ல் தேனி வரைக்கும், 2023 ஜூன் 15-ல் போடி வரைக்கும் திரும்ப வந்துச்சு. ஸ்டேஷன்ல கூட்டம் கூட்டமா நின்னு வேடிக்கை பார்த்தோம், செல்ஃபி எடுத்தோம். எல்லாம் சரி. அந்த ரயில் எந்த நேரத்துல ஓட ஆரம்பிச்சதுன்னு கவனிச்சீங்களா? காலையில மதுரையில கிளம்பி இங்க வந்துச்சு. சாயங்காலம் இங்க கிளம்பி மதுரைக்குத் திரும்பிச்சு.

இன்னொரு தடவை படிங்க. மதுரையில இருக்கறவங்க காலையில தேனிக்கு வந்து, வேலையை முடிச்சு, சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். தேனியில இருக்கற நாம காலையில மதுரைக்குப் போய் சாயங்காலம் திரும்ப முடியாது. சாயங்கால ரயில்ல போனா ராத்திரி மதுரையில தங்கித்தான் மறுநாள் காலையில வரணும்.

சென்னை ரயிலும் அதே கதைதான். 2023-ல் தொடங்கினப்போ வாரம் மூணு நாள். சென்னை சென்ட்ரல்ல இருந்து திங்கள், புதன், வெள்ளி ராத்திரி கிளம்பும். போடியில இருந்து செவ்வாய், வியாழன், ஞாயிறு ராத்திரி கிளம்பும். வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில ஏறி, சனி, ஞாயிறு அப்பா அம்மாவோட இருந்துட்டு, திங்கள் காலையில ஆபீஸுக்குப் போகலாம். சென்னையில வேலை பார்க்கற நம்ம ஊர் அண்ணன்களுக்கு, அக்காக்களுக்கு அருமையான ரயில். அதுல எனக்குப் பொறாமை இல்ல. ஆனா சனி, ஞாயிறுல சென்னையைப் பார்த்துட்டு வரணும்னு நினைக்கற தேனி மாணவருக்கு அந்த அட்டவணையில இடமே இல்ல.

இதை யாரும் சதி பண்ணிப் போடலை. ரயில் பெட்டி எங்க நிக்கணும், எங்க கழுவணும்ங்கறதுல இருந்து ஆயிரம் காரணம் இருக்கும். ஆனா ரெண்டு அட்டவணையும் ஒரே நினைப்புலதான் நிக்குது. நகரத்துல இருக்கறவங்க கிராமத்துக்கு வந்துட்டுப் போவாங்க, இங்க இருக்கறவங்களுக்கு ஒரு நாள் அங்க என்ன வேலைங்கற நினைப்பு. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் இருக்கறவங்களுக்கு அந்த அட்டவணையும் இல்ல, தண்டவாளமே இல்ல. திண்டுக்கல்ல இருந்து கம்பம் வழியா லோயர்கேம்ப் வரைக்கும் ரயில் வேணும்ங்கறது நம்ம தாத்தா காலத்துக் கோரிக்கை.

சரி, பஸ் இருக்கே? இருக்கு. தேனியில இருந்து உசிலம்பட்டி வழியா எழுபத்தஞ்சு கிலோமீட்டர், ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய, ஆரப்பாளையத்துல இறங்கிடலாம். கம்பத்துல இருந்துன்னா இன்னொரு மணி நேரத்துக்கு மேல. ஆனா நம்ம ஸ்டூடண்ட் பாஸ் வீட்டுக்கும் காலேஜுக்கும் மட்டும்தான். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ல மட்டும்தான். மதுரை பஸ்ல ரெண்டும் செல்லாது. காசு இருக்கறவங்க போகலாம், இல்லாதவங்க யோசிக்கணும்.

இப்போ கொஞ்சம் கசப்பான விஷயம். பையன்களுக்கு மதுரை தூரமே இல்ல. “மாப்ள, வர்றியா?”ன்னு ஒரு மெசேஜ், அரை மணி நேரத்துல ரெண்டு பைக், ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டியிருப்பாங்க. யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல. அதே மதுரைக்கு ஒரு பொண்ணு போகணும்னா? ஹாஸ்டல்ல அவுட்டிங் லெட்டர், வீட்ல இருந்து போன், கூட யாரு, எதுக்கு, எத்தனை மணிக்கு வருவ. எல்லாத்துக்கும் பதில் சொல்லி முடிக்கறப்போ மத்தியானம் ஆகியிருக்கும். வீட்ல இன்னும் ஒரு படி மேல. “பொம்பளப் பிள்ளை தனியா எதுக்கும்மா மதுரைக்கு? வேணும்னா அப்பா லீவு போட்டுக் கூட்டிட்டுப் போவாரு.” பாசம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்தப் பாசத்துக்கு விலை இருக்கு.

அந்த விலை எப்போ தெரியும் தெரியுமா? எனக்குத் தெரிஞ்ச ஒரு சீனியர் அக்கா. சர்க்யூட்ல புலி. எங்க எல்லாருக்கும் லேப்ல சந்தேகம் தீர்த்து வச்சவங்க. ஃபைனல் இயர்ல சென்னையில ஒரு ஆஃப் கேம்பஸ் இன்டர்வியூ. அன்னைக்குத்தான் வாழ்க்கையிலேயே முதல் தடவையா தனியா வெளியூர் பஸ் ஏறினாங்க. விடியக்காலை கிளாம்பாக்கத்துல இறங்கினதுல இருந்து எந்த பஸ், எந்தப் பக்கம், ஆட்டோக்காரர் சொல்ற ரேட் நியாயமா, எங்க போய் முகம் கழுவறதுன்னு ஒவ்வொண்ணுக்கும் பயம். கம்பெனி வாசலுக்குப் போறதுக்குள்ளயே பாதி உசுரு போயிடுச்சு. “கேள்விக்குப் பதில் தெரியாம இல்லடி, வாயில இருந்து வரலை”ன்னு சொன்னாங்க. பக்கத்துல உக்காந்திருந்த சென்னைப் பொண்ணு அவங்களை விட அறிவாளியா இல்லையான்னு நமக்குத் தெரியாது. ஆனா அந்தப் பொண்ணுக்கு அன்னைக்கு ஒரு பரீட்சைதான். அக்காவுக்கு ரெண்டு.

நகரத்துல நடமாடறதும் ஒரு திறமை. நீச்சல் மாதிரி, சைக்கிள் மாதிரி. புத்தகம் படிச்சு வராது, யூடியூப் பார்த்தும் வராது. வழி கேட்டு, தப்பான பஸ்ல ஏறி இறங்கி, பேரம் பேசி, ஏமாந்து, அடுத்த தடவை ஏமாறாம இருந்துதான் வரும். அதைப் பழக, பக்கத்துல இருக்கற, பேச்சு நமக்குப் புரியற, ராத்திரிக்குள்ள வீடு திரும்பிடலாம்ங்கற ஒரு நகரம் வேணும். நமக்கு அது மதுரை. இதை விட நல்ல பயிற்சிக்களம் கிடைக்காது.

“எல்லாம்தான் போன்லயே இருக்கே”ன்னு சிலர் சொல்வாங்க. இருக்கு. ஆனா சிவில் பசங்களுக்கு ஒரு கேள்வி. 1636-ல் கட்டின திருமலை நாயக்கர் மஹால்ல, இரும்பு உத்தரம் எதுவும் இல்லாம, வெறும் செங்கல்லையும் சுண்ணாம்பையும் வச்சு அவ்வளவு பெரிய கூரை எப்படி நிக்குதுன்னு கீழ நின்னு அண்ணாந்து பார்த்திருக்கீங்களா? வளைவு பாரத்தைப் பக்கவாட்டுல கடத்தும்னு நோட்ஸ்ல எழுதறது வேற, அந்தத் தூணைக் கட்டிப்பிடிக்கப் பார்த்துக் கை எட்டாம நிக்கறது வேற. வண்டியூர் தெப்பக்குளத்துக்கு வைகையில இருந்து தண்ணி வர்ற மாதிரி அந்தக் காலத்துலயே கால்வாய் வெட்டியிருக்காங்க. அதுவும் நம்ம பக்கத்துத் தண்ணிதான்.

மேலமாசி வீதியில ஒரு வீடு. 1921 செப்டம்பர் 22-ல் காந்தி மேல்சட்டையை விட்டு, ஒற்றை வேட்டிக்கு மாறினது அங்கதான். பத்தாம் வகுப்புல ஒரு மார்க் கேள்வியா படிச்சது, அந்தத் தெருவுல நிக்கறப்போ வேற மாதிரி இருக்கும். நத்தம் ரோட்டுல 2023 ஜூலை 15-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், ரெண்டு லட்சம் சதுர அடிக்கு மேல. கேட் தேர்வுக்கோ, டிஎன்பிஎஸ்சிக்கோ படிக்கறவங்க ஒரு நாள் உள்ள போய் உக்காந்து பாருங்க. நம்மள மாதிரியே நூத்துக்கணக்குல பேரு தலையைக் குனிஞ்சு படிச்சுட்டு இருக்கறதைப் பார்க்கறதே ஒரு பாடம்.

இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனா, சிவகங்கை மாவட்டத்துல கீழடி. அருங்காட்சியகம் 2023 மார்ச்ல திறந்தாங்க. அந்த அகழாய்வு எப்படி ஆரம்பிச்சதுன்னு தெரியுமா? தொல்லியல் துறை 2013-14-ல் வைகைக் கரை நெடுக, நம்ம தேனி மாவட்டத்துல ஆரம்பிச்சு ராமநாதபுரம் வரைக்கும் தேடி 293 இடங்களை அடையாளம் கண்டுச்சு. அதுல ஒண்ணுதான் கீழடி. ஆத்தோட தலைமாட்டுல குடியிருக்கறவங்க நாம. அதோட கரையில யாரு வாழ்ந்தாங்கன்னு ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டாமா?

இன்னொரு கேள்வியும் வரும். “நகரத்தைக் காட்டினா பிள்ளைங்க அங்கயே போயிடுவாங்க, ஊர் காலியாயிடும்.” பெரியவங்க இதைச் சொல்றப்போ அதுல ஒரு வலி இருக்கு, நாம சிரிக்கக் கூடாது. ஆனா நகரத்தைப் பார்க்காதவங்கதான் அதை சொர்க்கம்னு நினைச்சு ஓடறாங்க. மாசாமாசம் பார்க்கறவங்களுக்கு அதோட வெயிலும் தெரியும், புகையும் தெரியும், வாடகையும் தெரியும். போகணுமா, இருக்கணுமான்னு தெரிஞ்சு முடிவு பண்ணுவாங்க. மேகமலைக்கும் சுருளி அருவிக்கும் சனி, ஞாயிறுல கார் கார்ரா வர்றாங்களே நகரத்துக்காரங்க, அவங்கள்ல யாரும் இங்கயே தங்கிடலை. பார்க்கறாங்க, ரசிக்கறாங்க, திங்கக்கிழமை வேலைக்குப் போயிடறாங்க. அந்த உரிமை நமக்கும் உண்டு.

நம்ம பக்கம் மாத்த வேண்டியதும் இருக்கு, மறைக்க வேண்டாம். பல பேருக்கு மதுரைன்னா ஒரு மால், ஒரு படம், ஒரு பிரியாணி, பத்து ரீல்ஸ். தப்பே இல்ல, அதுவும் வேணும். ஆனா அது மட்டும்தான்னா, வீட்ல கேக்கற “ஊர் சுத்தவா”ங்கற கேள்விக்கு நாமளே ஆமான்னு சொன்ன மாதிரி. ஒரு பயணத்துக்கு ஒரு காரியம் வச்சுக்குங்க. ப்ராஜெக்ட்டுக்கு சென்சார் வாங்க டவுன்ஹால் ரோடு பக்கம் போறதா இருக்கலாம், நூலகமா இருக்கலாம், தமுக்கத்துல புத்தகத் திருவிழா நடக்கற நாளா இருக்கலாம். அதை மத்தியானத்துக்குள்ள முடிங்க. அப்புறம் கால் போன போக்குல மாசி வீதிகள்ல நடங்க. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா குடிங்க. பைக்கை விட்டுட்டு பஸ்ல போங்க. கணவாய் ரோட்டுல வேகம் காட்டி யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்ல. இருட்டறதுக்குள்ள திரும்ப பஸ் ஏறுங்க. ஏறினதும் வீட்டுக்கு ஒரு போன் பண்ணுங்க. நாலு தடவை சொன்ன நேரத்துக்கு வந்துட்டா, அஞ்சாவது தடவை கேள்வி குறையும்.

கேக்க வேண்டியவங்ககிட்ட கேக்க மூணு விஷயம் இருக்கு. ரயில்வேகிட்ட: காலையில போடியில கிளம்பி, சாயங்காலம் மதுரையில இருந்து திரும்பற ஒரு ஜோடி ரயில். படிக்கறவங்களுக்கு மட்டும் இல்ல, பெரியாஸ்பத்திரிக்குப் போற நம்ம அப்பத்தாவுக்கும் அதுதான் வேணும். கல்லூரிகள்கிட்ட: மாசம் ஒரு சனிக்கிழமை மதுரைக்கு ஒரு பஸ், டீசல் செலவை நாமளே பங்கு போட்டுக்கலாம். கூடவே அவுட்டிங் விதி ஆண்கள் ஹாஸ்டலுக்கும் பெண்கள் ஹாஸ்டலுக்கும் ஒண்ணா இருக்கணும். கட்டுப்பாடு வேணும்னா ரெண்டு பேருக்கும் வைங்க, நம்பிக்கை வைக்கறதா இருந்தா ரெண்டு பேர் மேலயும் வைங்க.

மூணாவது, பசங்களே, உங்ககிட்ட. உங்க வீட்லயும் தங்கச்சி இருப்பா, அக்கா இருப்பாங்க. அடுத்த தடவை நீங்க மதுரைக்குக் கிளம்பறப்போ “நீயும் வர்றியா?”ன்னு ஒரு வார்த்தை அவங்களைக் கேளுங்க. அதுக்கும் அடுத்த தடவை அவங்க தனியா போறேன்னு சொன்னா, அம்மா அப்பாகிட்ட அவங்க பக்கம் நின்னு பேசுங்க. எந்த பஸ் ஏறணும், எங்க இறங்கணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க. மத்ததை அவங்களே பார்த்துக்குவாங்க.