முப்பது பேர் படிக்கும் பள்ளத்தாக்கு

கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், நெவாடா எல்லையை ஒட்டி டீப் ஸ்பிரிங்ஸ் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல் உயரம். சுற்றிலும் மொட்டை மலைகள். ஒரு மூலையில் உப்புப் பூத்த ஏரி. அங்கே ஊற்றுநீர் கசியும் சதுப்பில் வாழும் கருந்தேரை உலகில் வேறெங்கும் இல்லை. பக்கத்து ஊரான பிக் பைனுக்குப் போக மலைக் கணவாயைத் தாண்டி ஏறக்குறைய 45 கிலோமீட்டர் கடக்க வேண்டும். இந்த அத்துவானத்தில் 1917 முதல் ஒரு தனியார் கல்லூரி நடந்துவருகிறது. மொத்த மாணவர் எண்ணிக்கை முப்பதைத் தாண்டுவதில்லை. படிப்பு இரண்டு ஆண்டு. கற்பிப்புக்கும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் கிடையாது.

கல்லூரியை நிறுவியவர் கல்வியாளர் அல்லர். ஒஹையோவில் பிறந்த எல். எல். நன், கொலராடோவின் டெல்லுரைடு என்ற சுரங்க ஊரில் வழக்கறிஞராக இருந்து முதலாளியானவர். அங்கே கோல்டு கிங் சுரங்கத்தின் இயந்திரங்களை ஓட்ட மலைமேல் நிலக்கரி ஏற்றிக் கட்டுப்படியாகவில்லை. ஓடையில் மின்சாரம் எடுத்துக் கம்பி வழியாக அனுப்பலாம் என்று முடிவுசெய்து, வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் துணையோடு 1891-ல் ஏம்ஸ் மின்நிலையத்தை இயக்கினார். மாறுமின்சாரத்தைத் தொலைவுக்கு அனுப்பித் தொழிலுக்குப் பயன்படுத்திய முன்னோடி நிலையங்களில் அது ஒன்று.

புதிய தொழிலுக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் கிடைக்கவில்லை. ஆகவே நன் இளைஞர்களைச் சேர்த்து மின்நிலையத்திலேயே வேலையும் கணிதமும் மின்னியலும் ஒருசேரக் கற்றுக்கொடுத்தார். தேவைக்காகத் தொடங்கிய இந்த ஏற்பாடு நாளடைவில் அவருடைய வாழ்நாள் அக்கறையாகவே மாறிவிட்டது. பொறுப்பைக் கையில் கொடுத்தால்தான் இளைஞனுக்குப் பொறுப்பு வரும் என்று அவர் உறுதியாக நம்பினார். 1911-ல் டெல்லுரைடு சங்கம் என்ற கல்வி அமைப்பை உருவாக்கினார். மின்தொழிலை விட்டு விலகியபின், நகரத்தின் சந்தடியும் வணிகத்தின் ஆசையும் எட்டாத இடம் தேடி டீப் ஸ்பிரிங்ஸில் ஒரு மாட்டுப்பண்ணையை வாங்கி, அங்கே கல்லூரியைத் தொடங்கினார். முதல் அணியில் சேர்ந்தவர்கள் சுமார் இருபது பேர். 1925-ல் நன் இறந்தார். மாணவர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களை இன்றும் அங்கே வாசித்து விவாதிக்கிறார்கள்.

உழைப்பு, படிப்பு, தன்னாட்சி என்ற மூன்றும் கல்லூரியின் தூண்கள். இவற்றில் உழைப்பைப் பற்றித்தான் வெளியுலகம் அதிகம் பேசுகிறது. அதைத்தான் அதிகம் தவறாகவும் புரிந்துகொள்கிறது. ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்கு 20 மணி நேரம் அளவில் வேலை செய்ய வேண்டும். கல்லூரிக்குச் சொந்தமாக மாட்டுப்பண்ணை இருக்கிறது, குதிரைமசால் வயல்கள் இருக்கின்றன, காய்கறித் தோட்டம் இருக்கிறது. விடியுமுன் எழுந்து பால் கறப்பவர், குதிரையேறி மந்தையை மேய்ச்சலுக்கு ஓட்டுபவர், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர், இறைச்சி வெட்டுபவர், சமைப்பவர், பாத்திரம் துலக்குபவர், நூலகத்தைக் கவனிப்பவர் எல்லாரும் மாணவர்களே. யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக்கொடுப்பவரும் மாணவர்கள் தேர்ந்தெடுத்த ஒரு மாணவர்தான்.

கட்டணத்துக்கு ஈடாக வாங்கும் வேலை என்று இதைக் கருதிவிடக் கூடாது. முப்பது மாணவர்களின் கைவேலையால் ஒரு கல்லூரியின் செலவை ஈடுகட்ட முடியாது. நன்கொடையும் அறக்கட்டளைப் பணமும்தான் அதைத் தாங்குகின்றன. வேலையும் பாடத்திட்டத்தின் பகுதி. வகுப்பில் கட்டுரை தாமதமானால் மதிப்பெண் குறையும், நட்டம் எழுதியவரோடு நின்றுவிடும். பால் கறக்க வேண்டியவர் தூங்கிவிட்டால் மடி கனத்து மாடு தவிக்கும், காலையில் எல்லாருக்கும் பால் இருக்காது. வாய்க்காலை அடைக்க மறந்தால் ஒரு வயல் மூழ்கும், இன்னொன்று காயும். பதினெட்டு வயதில் தன் செயலின் விளைவைக் கண்முன் காணும் வாய்ப்பு வேறு கல்லூரிகளில் அரிது.

தன்னாட்சி இதைவிடக் கடினமானது. புதிய மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பெரும்பான்மையோர் மாணவர்கள். விண்ணப்பக் கட்டுரைகளை அவர்களே படிக்கிறார்கள்; அடுத்த சுற்றுக்குத் தேறியவர்களைச் சில நாள் பள்ளத்தாக்குக்கு அழைத்து, கூடவே வேலை செய்யவைத்துப் பார்க்கிறார்கள். எந்தப் பாடம் நடத்துவது, எந்த ஆசிரியரை அமர்த்துவது, யாரை மறுபடி அழைப்பது என்பவற்றிலும் அவர்களுக்குப் பங்குண்டு. அறங்காவலர் குழுவில் இரண்டு இடங்கள் மாணவர்களுக்கானவை, முழு வாக்குரிமையோடு. வாரந்தோறும் கூடும் மாணவர் கூட்டம் சில சமயம் நள்ளிரவையும் தாண்டிவிடும். தோழனின் குறையை அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு மறுநாள் அவனோடு சேர்ந்து வைக்கோல் கட்டுகளை ஏற்ற வேண்டும். இந்தப் பயிற்சிக்கு ஈடாக எந்தப் பாடநூலையும் சொல்ல முடியாது.

பருவம் நடக்கும்போது மதுவும் போதைப்பொருளும் கூடாது. மருத்துவம் போன்ற தக்க காரணமின்றிப் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறவும் கூடாது. இந்த விதிகளை நடைமுறைப்படுத்துவதும் மாணவர்கள்தான். இணையத்தை எந்த அளவு அனுமதிப்பது என்பதையும் அவர்களே பேசித் தீர்மானிக்கிறார்கள். தனிமை எல்லாருக்கும் ஒத்துவருவதில்லை. ஒரே முப்பது முகங்களோடு பனிக்காலம் முழுக்க வாழ்வதில் உரசல் நிச்சயம்.

வகுப்புகள் மிகச் சிறியவை. பத்துப் பேர் இருந்தாலே பெரிய வகுப்பு. எழுத்துப் பயிற்சியும் மேடைப்பேச்சும் கட்டாயம். மற்றவை ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

நூறாண்டுக் காலம் இந்தக் கல்வி ஆண்களுக்கு மட்டுமே கிடைத்தது. நன் எழுதிவைத்த அறக்கட்டளைப் பத்திரம் இளம் ஆண்களைப் பற்றித்தான் பேசுகிறது. பெண்களைச் சேர்ப்பதா என்ற விவாதம் பல தலைமுறை மாணவர்களிடையே திரும்பத் திரும்ப எழுந்தது. 2011-ல் அறங்காவலர்கள் சேர்ப்பது என்று முடிவெடுத்தபோது, அவர்களில் இருவர் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். பத்திரத்தின் சொல்லை அப்படியே காப்பதா, அதன் நோக்கத்தைக் காப்பதா என்பதே கேள்வி. நோக்கத்தின் பக்கமே தீர்ப்பு சாய்ந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2017-ல் அதை உறுதிசெய்ய, 2018 கோடையில் முதல் பெண் மாணவர்கள் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். ஆணுக்குப் பொறுப்பைக் கற்பிக்கும் தொழுவம் பெண்ணுக்குக் கற்பிக்காது என்று ஒருநாளும் வாதிட்டிருக்க முடியாது. நூறாண்டு என்பது மிக நீண்ட தாமதம்.

இரண்டாண்டு முடிந்ததும் பெரும்பாலோர் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு மாறிப் பட்டப்படிப்பைத் தொடர்கிறார்கள். தொடக்ககால மாணவரான ஜூலியன் ஸ்டூவர்ட், சூழலுக்கும் பண்பாட்டுக்கும் உள்ள உறவை ஆராய்ந்த மானிடவியலாளராகப் பெயர்பெற்றார். நாவலாசிரியர் வில்லியம் வோல்மனும் இங்கே படித்தவர். மூத்தவர்கள் கிளம்பிய கோடையிலேயே புதிய அணி வந்து சேர்கிறது. எந்த மதகை எப்போது திறப்பது, எந்தப் பசு உதைக்கும் என்பதை அதற்குச் சொல்லிக்கொடுப்பவர்கள், ஓராண்டுக்கு முன் அதையே கற்றுக்கொண்ட மாணவர்கள்.